அண்ணன் கட்டிய இறகுப் பூச்சிகளும் நான் சொன்ன ஒரு பொய்யும்

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் அண்ணனின் படத்துக்குக் கீழே முதலில் நாலு வரி இருந்தது. அண்ணன் மகன் ஆங்கிலத்தில் எழுதி, போனிலேயே தமிழாக்கி, சரியாக இருக்கிறதா பாருங்கள் அத்தை என்று எனக்கு அனுப்பியிருந்தான். தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளை. தமிழ் நன்றாகப் பேசுவான், எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். அந்த நாலு வரியில் ஒன்று, "தலைநகரின் நச்சுக் காற்றுக்கு இரையானார்" என்பது. அதை எடுத்துவிடச் சொன்னேன். ஏன் என்று கேட்டான். அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். தலைத்திவசத்துக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்குகிற சொந்தபந்தங்களில் சிலருக்கு இதைப் படித்ததும் என் மேல் கோபம் வரும். வரட்டும். முப்பத்தொரு வருஷம் பிள்ளைகளிடம் உண்மை பேசு என்று சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான்.

அண்ணன் பிறந்தது அம்பாசமுத்திரத்தில். நாங்கள் இரண்டே பேர். எனக்கும் அவருக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பா தாலுகா அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, அண்ணன் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும்போது தவறிப்போனார். அண்ணன் மத்திய அரசுத் தேர்வு எழுதி, தில்லிக்கு வேலை உத்தரவு வந்ததும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறினார். கரோல்பாகில் மொட்டைமாடி அறை ஒன்றில் நாலு பேரோடு தங்கி, மூன்று வருஷம் தன் கையால் சமைத்துச் சாப்பிட்டார். அதன்பிறகு அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என்னைப் படிக்கவைத்து, தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியொன்றில் ஆசிரியை ஆக்கினார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கு அண்ணன் காரணம் என்று ஊரில் சிலர் பேசியது எனக்குத் தெரியும். காரணம் நான்தான். வந்த மாப்பிள்ளைகளில் ஒருவரையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மதினி கல்லிடைக்குறிச்சிப் பக்கம். சுத்த சைவக் குடும்பம். நாங்களும் சைவம்தான், ஆனால் மதினியின் சைவம் எங்களுடையதை விட இரண்டு படி மேல். முட்டை போட்ட கேக் வீட்டுக்குள் வந்தால் தட்டைக்கூடத் தேய்த்து வெயிலில் வைப்பார். லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் அவர்கள் குடித்தனம் தொடங்கியது. மூத்தது பெண் குழந்தை. ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்விட்டது. அந்தக் குழந்தையின் பெயரை இங்கே எழுத வேண்டாம் என்று மதினி கேட்டுக்கொண்டார், எழுதவில்லை. அதன்பிறகு ஏழெட்டு மாதம் அண்ணன் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அலுவலகம் போவார், வருவார், சாப்பிடுவார், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மதினி அடுப்படியில் அழுவார். நான் பாத்ரூமில் அழுவேன்.

அந்த வருஷம்தான் அண்ணனின் மேலதிகாரி ஒருவர் அலுவலக வேலையாக உத்தராகண்ட் போகும்போது இவரையும் கூட்டிக்கொண்டு போனார். அந்த அதிகாரிக்கு ஆற்றில் மீன் பிடிக்கிற பைத்தியம் உண்டு. பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். மகாசீர் என்கிற பெரிய கெண்டை மீனுக்காக, வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த இறகுப் பூச்சி ஒன்றைத் தூண்டிலில் மாட்டியிருந்தார். முள்ளைச் சுற்றி இறகும் நூலும் கட்டி, தண்ணீரில் மிதக்கும் பூச்சியைப் போலச் செய்திருப்பார்கள். மீன் ஏமாந்து கவ்வும். அந்தப் பூச்சி பாறையில் உரசிப் பிரிந்துபோனது. அண்ணன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பதிவறையில் இருந்தவர். பழைய கோப்புகளை ஊசி நூல் கொண்டு தைப்பதில் அவருக்கு நல்ல கை. தங்கியிருந்த விடுதித் திண்டில் உட்கார்ந்து, கோப்பு தைக்கும் நூலாலேயே அந்தப் பூச்சியைத் திரும்பக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் காலை அதில் மீன் மாட்டியது. அதிகாரி இவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். திரும்பி வந்து இதைச் சொல்லும்போது அண்ணன் சிரித்தார். குழந்தை போனபிறகு அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று தொடங்கியது, முப்பது வருஷத்துக்கு மேல் விடவில்லை. மேஜை ஓரத்தில் கட்டைவிரல் அளவு இரும்புப் பிடி ஒன்றைத் திருகி, அதில் முள்ளைக் கவ்வவைப்பார். நூலைச் சுற்றுவார். மயிலிறகிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி உடம்பு செய்வார். கினாரி பஜாரில் வாங்கிய ஜரிகையை ஒரு சுற்று. பிறகு சேவலின் கழுத்து இறகு. அடியில் இருக்கும் பஞ்சுபோன்ற தூவியை விரலால் உருவி ஊதித் தள்ளிவிட்டு, நுனியைக் கட்டி, முள்ளைச் சுற்றிச் சுற்றி வருவார். இறகின் இழைகள் பூச்சியின் கால்கள் மாதிரி நாலா பக்கமும் விறைத்து நிற்கும். தலையில் ஒரு முடிச்சு, அதன்மேல் என் நகப்பூச்சில் ஒரு சொட்டு. பிறகு பாத்ரூம் வாளியில் நூல் கட்டி இழுத்துப் பார்ப்பார். தண்ணீரில் அந்தக் கால்கள் விரிந்து மூடினால் முகம் மலரும். இல்லாவிட்டால் பிளேடால் அறுத்து, முள்ளைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பிப்பார். விலை வைத்து விற்கவில்லை. கேட்ட அதிகாரிகளுக்கும் அவர்கள் நண்பர்களுக்கும் தீப்பெட்டிகளில் போட்டு அனுப்புவார். ஒரு மீனைக்கூட அண்ணன் தன் கையால் பிடித்ததில்லை. முள் குத்துமே பாவம் என்பார். அப்படியானால் எதற்கு முள்ளில் கட்டுகிறீர்கள் என்று நான் கேட்டால், நீ பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டால் போதும் என்று வாயை அடைத்துவிடுவார்.

இதில் ஒரு சிக்கல். மயிலிறகு முருகனுக்குச் சொந்தம், வீட்டில் இருக்கலாம். கோழி இறகு மதினியின் வீட்டுக்குள் எப்படி வரும்? அண்ணனின் சாப்பாட்டுப் பையை மதினிதான் தினமும் கழுவிக் கவிழ்ப்பார். அதில் கொண்டுவர வழியில்லை. அதனால் அந்த வேலை என்னிடம் வந்தது. பள்ளி விட்டு வரும் வழியில் ஐ.என்.ஏ மார்க்கெட்டில் இறங்கி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கோழிக்கடை முன்னால் நிற்பேன். கடைக்காரர் என்னை டீச்சர்ஜி என்று கூப்பிட்டு, சிவப்புச் சேவலின் கழுத்து இறகுகளைத் தனியாக எடுத்துவைத்திருப்பார். பிள்ளைகளுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி, மூன்றாம் வகுப்பு விடைத்தாள்களுக்கு அடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவேன். மதினி கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து சோப்புத் தண்ணீரில் அலசுவோம். என்ன இறகு என்று மதினி கேட்ட ஒரே ஒரு தடவை, மயிலிறகுதான், சாயம் போட்டது என்று சொன்னேன். சரி என்று போய்விட்டார். அண்ணனும் நானும் அன்றைக்கு ரொம்ப நேரம் வாயைப் பொத்திச் சிரித்தோம். எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகவே இருந்தது.

லோதி ரோடு வீட்டில் அண்ணன் பின்பக்கத் திறந்த வராந்தாவில் உட்கார்ந்து கட்டினார். காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. ஓய்வு பெற்று மயூர் விகாரில் சொந்த வீட்டுக்கு வந்தபிறகு, பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடி அவருக்கென்று ஓர் அறை ஆக்கினோம். அங்கே காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்க மாட்டார். சுவரோரம் பெட்டி பெட்டியாக இறகு. உருவிப்போட்ட தூவி வெயில் கோட்டில் மிதப்பதை வாசலில் நின்றாலே பார்க்கலாம். எனக்கு அது அழகாகக்கூட இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது குளிர்காலத்தில் இருமல் வந்தது. வறட்டு இருமல். சாயங்காலமானால் மேல் கணகணவென்று இருக்கும், காலையில் சரியாகிவிடும். மாடிப்படி ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்கினார். தில்லியில் யாருக்கு இருமல் இல்லை? எங்கள் மாடியில் மட்டும் நாலு வீட்டில் இருமிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தோம். அங்கே இருமல் இருந்த இடம் தெரியவில்லை. அண்ணன் தாமிரபரணியில் இறங்கிக் குளித்தார், ஐந்து இட்லி சாப்பிட்டார். திரும்பி வந்த ஐந்தாம் நாள் மறுபடி தொடங்கிவிட்டது. பார்த்தாயா, தில்லிக் காற்றுதான் என்று எல்லாரும் சொன்னோம். ஊர்க்காரர்களும் போனில் அதையே சொன்னார்கள்.

மருத்துவமனைக்குப் போனோம். பெயர் வேண்டாம். வயதான டாக்டர், பொறுமையாகப் பார்த்தார். அண்ணனுக்குப் பேசினால் மூச்சிரைத்ததால் நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணன் நாற்காலியில். மதினி அவருக்குப் பின்னால், தோளைப் பிடித்தபடி. சிகரெட் உண்டா, ஆஸ்துமா உண்டா என்று வரிசையாகக் கேட்டுவந்த டாக்டர், "கர் மே கபூதர் ஹை? முர்கி, தோதா, கோயி பரிந்தா? பங்க் வாலா தகியா?" என்றார். வீட்டில் புறா, கோழி, கிளி ஏதாவது உண்டா, இறகுத் தலையணை உண்டா என்று கேட்டார்.

கோழி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மதினியின் முகம்தான் மனதில் வந்தது.

"நஹீ டாக்டர் சாப். ஹம் தோ ப்யூர் வெஜிடேரியன் ஹை."

டாக்டர் சிரித்துவிட்டார். சாப்பிடுவதைக் கேட்கவில்லை அம்மா என்றார். நானும் சிரித்தேன். இல்லை, அப்படி எதுவும் இல்லை என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேருமே அதைப் பெரிதாக நினைக்கவில்லை. இருமலுக்கும் இறகுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் நினைத்தோம். சம்பந்தம் இல்லாமலா அவர் கேட்டார் என்று யோசிக்கிற புத்தி முப்பத்தொரு வருஷம் பாடம் நடத்திய எனக்கு வரவில்லை.

மாத்திரை கொடுத்தார்கள். கொஞ்சம் குறைந்தது. வெளியே போகாதீர்கள், ஜன்னலைத் திறக்காதீர்கள் என்றார்கள். அந்த வருஷம் தீபாவளிக்குப் பிறகு எதிர்வீடு தெரியாத அளவுக்குப் புகை. அண்ணன் மகன் குர்கானிலிருந்து காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்று வாங்கி அனுப்பினான். அண்ணன் அறையின் ஜன்னல் இடுக்குகளை எல்லாம் நான் என் கையால் டேப் ஒட்டி அடைத்தேன். ஒரு பொட்டுக் காற்று நுழையாதபடி கச்சிதமாக ஒட்டினேன். வெளியே விஷம், நீங்கள் பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து உங்கள் பூச்சியைக் கட்டுங்கள் என்றேன். நான் சொன்னபடியே அவர் அந்தக் குளிர்காலம் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்தார். நானும் அதற்குள் விருப்ப ஓய்வு வாங்கிவிட்டேன். ஆனாலும் மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ போய் இறகு வாங்கி வந்தேன். சும்மா படுத்திருந்தால் மனசு விட்டுப்போகுமே என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் அவரால் குளியலறைக்கு நடக்க முடியவில்லை. வேறு மருத்துவமனை. இளம் பெண் டாக்டர். மதினி மருந்துச் சீட்டோடு கீழே வரிசையில் நின்றிருந்தார். அண்ணனின் ஸ்வெட்டரில் ஒட்டியிருந்த ஒரு சின்ன இழையை அந்தப் பெண் விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, இது என்ன என்று கேட்டார். அண்ணன் பதில் சொல்லிவிட்டார். எத்தனை வருஷமாக, எவ்வளவு நேரம், எந்த அறையில் என்று அந்தப் பெண் கேட்டு எழுதிக்கொண்டார்.

இறகின் தூசி சிலருடைய நுரையீரலுக்கு ஆகாது, உள்ளே போகப் போக அது தழும்பாகி இறுகிவிடும் என்றார். இது ஒன்றுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இந்த ஊர்க் காற்றும் நல்லது செய்யவில்லை என்றும் சொன்னார். ஆனால் ஆரம்பத்திலேயே இறகை விலக்கியிருந்தால் பெருமளவு சரியாகியிருக்கும், ஊரில் மூன்று வாரம் நன்றாக இருந்தது அதனால்தான் என்றார். இப்போது தழும்பு விழுந்துவிட்டது, திரும்பாது. முன்னால் பார்த்த டாக்டர் கேட்கவில்லையா என்றார்.

"கேட்டாரு. நாங்கதான் சொல்லல" என்றார் அண்ணன்.

வெளியே மூக்கை உறிஞ்சிக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளி வந்தேன். அண்ணன் திரும்பிப் பார்க்காமலே, இரைத்து இரைத்துச் சொன்னார்: "ஏட்டி, அழாத. கேட்டது என்னயத்தான. எனக்கு வாய் இல்லையா? உன் மதினிகிட்ட மட்டும் சொல்லிராத. ஐயோ, என் வீட்டுச் சுத்தம் பார்த்துல்லா இவுக செத்தாகன்னு அவ காலம் பூரா மருகுவா."

அன்றைக்கே அறையைக் காலி செய்தேன். டாக்டர் தூசி கூடாது என்கிறார் என்று மதினியிடம் சொன்னேன். நாலு சாக்கு இறகு. அதைத் தூக்கிக் கீழே குப்பை வண்டியில் போட்டபோது, முப்பது வருஷம் விடைத்தாளுக்கு அடியில் நான் சுமந்து வந்தது இதைத்தானா என்று இருந்தது. அண்ணன் அந்த அறைப்பக்கம் பார்க்கவே இல்லை. இன்னும் எட்டு மாதம் இருந்தார். ஆக்ஸிஜன் இயந்திரத்தின் குழாய் எட்டுகிற தூரம்தான் அவருக்கு வீடு. எழுபது கிலோ இருந்தவர் நாற்பத்தி நாலுக்கு வந்தார். சாப்பிடுவதும் மூச்சு விடுவதும் ஒரே நேரத்தில் முடியவில்லை. ஒரு வாய் ரசஞ்சாதத்துக்கு ஐந்து நிமிஷம் ஓய்வு. ஒரு நாளும் யாரையும் கடிந்து பேசவில்லை. என்னை ஒருநாளாவது திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கார்த்திகை மாதம் ஒரு மத்தியானம், மதினி தலையணையைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது, இரண்டு மூச்சுக்கு நடுவில் நின்றுவிட்டது.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். மின்சாரம் போனபோதெல்லாம் தன் வீட்டு இன்வர்ட்டரிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்த எதிர்வீட்டு பஞ்சாபிக் குடும்பத்துக்கு. ஆக்ஸிஜன் சிலிண்டரை மூன்று மாடி தோளில் தூக்கி வந்த கடைத் தம்பிமார்களுக்கு. ஊரிலிருந்து வந்து பதினாறு நாளும் கூட இருந்த சித்தப்பா குடும்பத்துக்கு. அண்ணன் கட்டிய பூச்சிகளை வாங்கிப்போனவர்களில் கடைசிக் காரியத்துக்கு வந்து நின்ற ஆறு பேருக்கு. உண்மையை மறைக்காமல் எங்களிடம் சொன்ன அந்தப் பெண் டாக்டருக்கு.

இனி ஒன்றுதான் மிச்சம். அண்ணன் மகனின் அந்த நாலு வரி வந்த மறுநாள், மதினியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அண்ணன் வேண்டாம் என்று சொன்னதை மீறித்தான் சொன்னேன். ஒரு பொய்யைச் சொல்லி அவரைப் பறிகொடுத்தது போதும், இன்னொன்றை அச்சடித்து ஊருக்குக் கொடுக்க என்னால் முடியாது. மதினி அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கோழிக்கடையில் தொடங்கி டேப் ஒட்டியது வரை ஒன்றுவிடாமல் சொன்னேன். காலில் விழப் போனேன். மதினி கீரையைக் கீழே வைக்கவில்லை.

"கோழின்னு எனக்குத் தெரியும்" என்றார்.

எப்போதிருந்து என்று கேட்டேன்.

"மொத வாரமே தெரியும். நனஞ்ச இறகு வாடை அடிச்சா வீட்டுப் பொம்பளைக்குத் தெரியாதா? தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டா நிறுத்தச் சொல்லணும். பிள்ள போன பொறவு அவுக சிரிச்சது அதுலதான். அதான் கோயிலுக்குப் போறேன் போறேன்னு அந்த நேரத்துக்கு வெளிய போயிருவேன்."

அப்படியானால் டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டேன்.

மதினி கீரைத் தண்டு ஒன்றைக் கிள்ளிப் போட்டார். "நீ ப்யூர் வெஜிடேரியன்னு சொன்னியா, எனக்கு அது பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமைல நின்னுட்டேன்."

நான் எழுதப்போவதைச் சொன்னேன். ஊரே படிக்கும், வேண்டாமென்றால் விட்டுவிடுகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்றேன். மதினி யோசிக்கவில்லை.

"எழுது. அவுக தோளப் பிடிச்சிக்கிட்டு நானும் அங்கதான் நின்னேன். அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.